ஈரம் குடியாத தாளில் நீர்வர்ணம்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் நடத்தும் கலைவிழாக்களிலே சிறுவர்களுக்கான ஓவியப் போட்டி தவறாது இடம்பெறுகின்றது. கொடுக்கப்படும் தலைப்பும் பெரும்பாலும் ஒன்றே: 'எமது தாயகம்', அல்லது 'எமது கிராமம்'. பிள்ளைகள் பனைமரம் வரைகின்றனர். கிணறும் துலாவும் வரைகின்றனர். சிலர் வானிலே விமானமும் கீழே எரியும் வீடும் வரைகின்றனர். அவர்களிற் பலர் பனையை நாட்காட்டியிலும் துலாவைப் பாட்டனாரின் பேச்சிலும் மாத்திரமே அறிந்தவர்கள். அப்படங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று எந்த உருவத்தையும் வரையாமல், நீலத்தையும் செம்மண் நிறத்தையும் தாளின்மேல் ஓடவிட்டு, அவை ஒன்றையொன்று சந்தித்த இடத்தை மாத்திரம் கவனமாகக் காத்துக் கொண்டுவந்து கொடுத்தால் நடுவர்கள் அதனை என்ன செய்வார்கள்? 'கிறுக்கல்' என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றே அஞ்சுகின்றோம்.

இங்கு நாம் எழுத முற்படுவது அந்தக் 'கிறுக்கல்' பற்றியே. அரூப ஓவியத்தை நீர்வர்ணத்தால், அதுவும் வழவழப்பான தளங்களில் இட்டுப் பார்க்கும் பயிற்சி இது. இதற்குப் பெரும் பணமோ தனியறையோ வேண்டியதில்லை. அகதி விடுதியொன்றின் பொதுச் சமையலறையில், மற்றவர்கள் சமைத்து முடித்த பின்னர், மேசையின் ஒரு மூலை கிடைத்தாற் போதும்.

நீர்வர்ணம் பழக விரும்பும் எம்மவரைத் தடுப்பது திறமைக் குறைவன்று. தாளை வீணாக்கிவிடுவோமோ என்ற அச்சமே. நல்ல நீர்வர்ணத் தாள் பருத்தி நாரினாற் செய்யப்படுவது, விலை கூடியது. நிறம் ஒரு முறை நாரினுள் இறங்கிவிட்டால் முற்றாக மீட்பதற்கு வழியில்லை. ஆகவே கை தயங்குகின்றது. தயங்கும் கை தனக்கு ஏற்கனவே தெரிந்ததையே வரைகின்றது. பனைமரம் மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகின்றோம்.

அரூப ஓவியத்தின் வரலாற்றில் நீர்வர்ணத்துக்கு மூத்த இடம் உண்டு. ரஷ்யரான வசீலி கண்டின்ஸ்கியின் 'முதலாவது அரூப நீர்வர்ணம்' எனப் பெயர்பெற்ற படம் பாரிஸ் பொம்பிடூ நிலையத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் உயரமும் 65 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு தாள், அவ்வளவே. அதில் 1910 என்று எழுதப்பட்டிருப்பினும் 1913 இலேயே வரையப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. முதன்மைக்கு வேறு உரிமையாளரும் உளர். ஜோர்ஜியானா ஹௌட்டன் எனும் பெண்மணி உருவமற்ற நீர்வர்ணங்களை 1871 இலேயே லண்டனில் காட்சிக்கு வைத்தவர். அந்த வழக்கை வரலாற்றாசிரியரிடம் விட்டுவிடுவோம். கண்டின்ஸ்கி 1914 இல் போர் மூண்டதும் பகைநாட்டவர் என்ற காரணத்தால் யேர்மனியை விட்டு நீங்க நேர்ந்தவர். பின்னர் மீண்டு வந்து, 1933 இல் இரண்டாம் முறையும் அந்நாட்டை விட்டு நீங்கிப் பாரிசுக்கு அருகே குடியேறி, 1944 இல் அங்கேயே காலமானார்.

ஆனால் வழவழப்பான தளங்களைப் பற்றிப் பேசுவதானால் எமக்கு வழிகாட்டி கண்டின்ஸ்கி அல்லர். அவருடைய நண்பர் பவுல் கிளே.

நாடற்ற ஓவியரின் கண்ணாடித் துண்டுகள்

கிளே 1879 இல் சுவிற்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகே பிறந்தார். தாய் சுவிஸ் நாட்டவர்; தந்தை யேர்மனியர். தந்தையின் குடியுரிமையே பிள்ளைக்கும் என்பது அன்றைய சட்டம். பிறந்தது பெர்ன், படித்தது பெர்ன், பேசியது பெர்ன் நகரத்து மொழி. கையில் இருந்ததோ யேர்மனியக் கடவுச்சீட்டு. வாசகர் வீடுகள் பலவற்றில் இது புதிய கதையாக இராது.

1905 இல் அவர் ஒரு கண்ணாடித் துண்டைக் கருமையாக்கி, அதன்மேல் ஊசியாற் கீறிப் படம் வரையத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தமது தந்தையின் உருவத்தையும் கண்ணாடியிலேயே தீட்டினார். ஈரத்தை உறிஞ்சாத தளம் அவரது கையை மாற்றிவிட்டது: தாளில் கோடு இடுகின்றோம், கண்ணாடியில் கோட்டைத் திறக்கின்றோம்.

இது எமது முன்னோர் நன்கு அறிந்த செய்தி. பனையோலையும் வழவழப்பானது, மை அதில் ஊறி நிற்பதில்லை. அதனாலேயே அவர்கள் எழுத்தாணியாற் கீறிவிட்டு, பின்னர் கரியையும் இலைச்சாற்றையும் பூசித் துடைத்தனர். துடைத்ததும் தளத்தில் இருந்த கருமை போய்விட, கீறலில் இருந்தது மாத்திரம் எழுத்தாக நின்றது. ஓலை உறிஞ்சவில்லை என்று அவர்கள் ஓலையைக் கைவிடவில்லை. அதன் இயல்புக்கு ஏற்ற வழியைக் கண்டனர்.

1916 இல் கிளே யேர்மனியப் படையிற் சேர்க்கப்பட்டார். விமானப் பிரிவில் விமானங்களுக்கு நிறம் பூசும் வேலையும் அவருக்கு வாய்த்தது. அக்கால விமானங்களின் சிறகுகள் துணி போர்த்தவை. மீதியான துணித் துண்டுகளை அவர் எடுத்துவைத்து, சுண்ணப்பூச்சு இட்டு, நீர்வர்ணம் தீட்டினார். மெல்லிய வலைத்துணியையும் அவ்வாறே பயன்படுத்தினார். 1917 இல் அவர் வரைந்த 'ஆப் ஓவோ' என்ற சிறிய படம் இவ்வகைத் தளத்தில் எழுந்ததே. போர் விமானத்துக்குரிய துணி ஓவியத் துணியான இச்செய்தியை முதன்முதலில் வாசித்தபோது நாம் சற்று நேரம் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தோம்.

பின்னாளில் அவர் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராகவும், டுசல்டோர்வ் கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். 1933 இல் நாசிகள் அவரைப் பதவியிலிருந்து அகற்றினர். ஆண்டின் இறுதியில் பெர்ன் நகருக்குத் திரும்பினார். 1937 இல் அவருடைய படைப்புகள் நூற்றுக்கு மேற்பட்டவை யேர்மனியப் பொதுச் சேகரிப்புகளிலிருந்து பறிக்கப்பட்டன. சில 'சீரழிந்த கலை' என்ற கண்காட்சியில் ஏளனத்துக்காகத் தொங்கவிடப்பட்டன. பிறந்த நாட்டிலோ அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார். அங்கும் விசாரித்த அதிகாரிகள் அவரது ஓவியங்களை ஐயத்துடனேயே நோக்கினர். கடுமையான தோல்நோய் கைகளை இறுக்கிய அந்நாட்களில், 1939 என்ற ஒரே ஆண்டில், அவர் பதிவு செய்த படைப்புகள் 1253. 1940 யூன் 29 இல், விண்ணப்பத்துக்கு முடிவு வருமுன்னரே, கிளே மறைந்தார். பெர்ன் நகரில் 2005 இல் அவர் பெயரால் ஒரு பெரும் நிலையம் திறக்கப்பட்டது. சுவிசில் வாழும் எம்மவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் அங்கு சென்று வரலாம்.

வழவழப்பு வேறு, தாகம் வேறு

கிளேயின் சுண்ணப்பூச்சும் வழவழப்பானது. அவருடைய கண்ணாடியும் வழவழப்பானது. ஆயினும் இரண்டும் நேரெதிரானவை. சுண்ணம் ஈரத்தை உடனே குடித்துவிடும். கண்ணாடி ஒரு துளியும் குடியாது. எனவே ஒரு தளத்தைத் தெரிவு செய்யும்போது விரலால் தடவிப் பார்த்தல் மாத்திரம் போதாது. ஒரு சொட்டு நீரை விட்டுப் பார்த்தல் வேண்டும். நாம் சில வாரங்களாக வெவ்வேறு தளங்களில், மூன்றே நிறங்களைக் கொண்டு, இதனைச் செய்து பார்த்தோம். நிறங்கள்: அல்ட்ராமரின் நீலம், செம்மண் நிறமான பேர்ன்ற் சியன்னா, தலோ பச்சை.

முதலில் தாள். நீர்வர்ணத் தாள் மூன்று வகையாக விற்கப்படுகின்றது. சொரசொரப்பு மிக்கது, நடுத்தரமானது, சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கப்பட்டது. மூன்றாவது வகையைப் பிரெஞ்சுக் கடைகளில் 'சத்தினே' என்றும் யேர்மனியக் கடைகளில் 'சத்தினியேர்ற்' என்றும் கேட்டு வாங்கலாம். நல்ல தாள்களுக்கு ஜெலற்றின் பசை ஊட்டப்பட்டிருப்பதால் இதுவும் ஈரத்தை மெதுவாகவே குடிக்கின்றது. நிறம் சிறிது நேரம் மேலே தேங்கி நிற்கும். அதற்குள் நாம் முடிவெடுக்க வேண்டும். பாதி உலர்ந்த நிறத்தின்மேல் ஒரு துளி நீர் விழுந்தால், நிறம் பின்வாங்கி, பாசி படர்ந்தாற் போன்ற ஓரம் ஒன்று தோன்றும். அதைக் குறையாகக் கருதுவோர் உளர். அரூப ஓவியத்தில் அதுவே அணியாகலாம்.

அடுத்து, நுண்ணிய சுண்ணத்தூளைப் பசையுடன் குழைத்துத் தடித்த அட்டையிற் பூசி, உலர்ந்தபின் அரத்தாளால் தேய்த்தெடுத்த தளம். இதில் நிறம் ஓடுவதில்லை. தூரிகை தொட்ட இடத்திலேயே மாட்டிக்கொள்கின்றது. ஓட்டத்தை விரும்புவோருக்கு ஏமாற்றமே. ஆனால் ஊசியாற் கீறினால் உள்ளிருந்து வெண்மை வரும். கட்டடப் படம் வரைவோர் பயன்படுத்தும் பொலியெஸ்ரர் தகட்டையும் முயன்றோம். மங்கலான பக்கத்தில் நிறம் ஓரளவு பிடிக்கின்றது, அதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மெருகிட்ட வெண்ணிறச் சுவரோட்டிலும் கண்ணாடியிலும் நிறம் துளித்துளியாகச் சுருண்டுவிடுகின்றது; தடிப்பாக இட்டால் உலர்ந்தபின் செதிளாக உதிர்கின்றது.

எம்மை அதிக நாட்கள் பிடித்து வைத்திருந்தது யூப்போ எனப்படும் செயற்கைத் தாள். இது மரத்தாலோ பருத்தியாலோ செய்யப்பட்டதன்று. பொலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்ரிக்கினால் ஆனது. யப்பானிலே 1969 இல் தொடங்கப்பட்ட நிறுவனமொன்றின் உற்பத்தி. நனையக்கூடிய வரைபடங்களுக்கும் அறிவித்தல்களுக்கும் உதவும் பொருட்டு உருவானது. யப்பானியத் தேர்தல்களில் வாக்குச்சீட்டும் இதே பொருள்தான்: மடித்துப் பெட்டியில் இட்டாலும் தானாக விரிந்துகொள்வதால் எண்ணுவோருக்கு வேலை குறைகின்றது. ஓவியர்கள் இதனைத் தமதாக்கிக்கொண்டது பின்னர்.

இத்தாளில் நிறம் உள்ளே இறங்க வழியில்லை. நீர் ஆவியாகப் போவதொன்றே அது உலரும் வழி. குளிர்காலத்து ஈர அறையில் ஓர் இரவு முழுவதும் செல்லலாம். அவசரப்பட்டு மிகுந்த சூடு காட்டினால் தாள் நெளிந்துவிடும். அந்த நீண்ட நேரத்தில் நிறங்கள் தம்பாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அல்ட்ராமரின் நிறத்தூள் பருத்தது. பள்ளங்களைத் தேடித் தங்கி, மணல் படிந்தாற் போல நிற்கின்றது. தலோ பச்சையோ மிக நுண்ணியது. கேட்காமலே எங்கும் பரவுகின்றது.

உலர்ந்த நிறத்திட்டின் ஓரத்தில் கருங்கோடு ஒன்று தோன்றும். தேநீர்க் கோப்பை வைத்த மேசையில் வளையம் பதிவதும் இதே காரணத்தாலேயே. துளியின் ஓரம் தளத்தைப் பற்றிக்கொள்கின்றது. ஓரத்திலே நீர் விரைவாக ஆவியாகின்றது. அந்த இழப்பை நிரப்ப நடுவிலிருந்து நீர் ஓடிவருகின்றது. வரும்போது நிறத்தூளையும் அள்ளிவந்து ஓரத்திற் சேர்க்கின்றது. சிக்காக்கோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997 இல் இதனை விளக்கினர். அதாவது, நாம் வரையாத கோட்டை நீரே வரைந்து தருகின்றது. இன்னொன்று: ஈரமான நிறத்தின்மேல் மருந்துக்கடையில் வாங்கும் மதுசாரத்தில் ஒரு துளியைக் குச்சி நுனியால் விட்டால், நிறம் அஞ்சி விலகுவது போல் வட்டமாக விலகும். மதுசாரம் விழுந்த இடத்தில் மேற்பரப்பின் இழுவிசை குறைந்துவிட, சூழ உள்ள நீர் அதனைத் தன்பால் இழுத்துச் செல்வதே காரணம். இத்தாலியரான மரங்கோனி 1865 இல் ஆராய்ந்த விளைவு இது.

எல்லாவற்றிலும் மேலானது, இத்தாளைக் குழாய் நீரிற் கழுவிவிடலாம் என்பதே. அல்ட்ராமரின் முற்றாகப் போய்விடும். தலோ பச்சை மெல்லிய நிழலொன்றை விட்டுச்செல்லும். பாலர் வகுப்பில் சிலேற்றுப் பலகையை ஈரத்துணியால் துடைத்த தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் நூறு படங்கள் வரையலாம், நூறையும் அழிக்கலாம். வீணாகும் என்ற அச்சம் அத்துடன் போகின்றது.

அழித்து அழித்து

செய்முறை எளிது. தாளைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் மென்மையாகக் கழுவி உலரவிடுக. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் நில்லாது. ஆகவே ஓரங்களைப் பிடித்தே தூக்குக. இரண்டு நிறங்களுக்கு மேல் வேண்டாம். ஒன்றைத் தடிப்பாகவும் மற்றதை நீர்த்ததாகவும் இட்டு, தாளைச் சாய்த்துப் பிடியுங்கள். பழைய தொலைபேசி அட்டையோ வங்கி அட்டையோ இருந்தால் அதன் ஓரத்தால் நிறத்தை வழித்துப் பாருங்கள். மென்தாளால் ஒற்றி வெண்மையை மீட்டெடுங்கள். தாளின் பாதியையாவது வெறுமையாக விடுங்கள். இதுவே யாவற்றிலும் கடினம். பின்னர் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கண் ஓரிடத்தில் விழுந்து, அங்கிருந்து வேறோரிடத்துக்கு நடக்குமாயின் அது கிறுக்கலன்று. நடக்க இடமின்றி எங்கும் ஒரே சந்தடியாக இருக்குமாயின், கழுவிவிட்டு மீண்டும் தொடங்குக.

ஒரு மாலையில் இத்தாள்களை அயலவர் சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தமதாக்கிக்கொண்டனர். முதியவர் ஒருவர் மாத்திரம் நெடுநேரம் இருந்தார். ஊரில் படவரைஞராகத் தொழில் செய்தவர். கோடு பிசகாத கை. நீலத்தைக் குறுக்காக இழுத்தார். உடனே அது கடலாயிற்று. கடலானதும் அதில் ஒரு வள்ளத்தை வைத்தார். பார்த்தார். எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்தார். மீண்டும் நீலம், மீண்டும் வள்ளம், மீண்டும் கழுவல். நான்காம் முறை கழுவி வந்தபோது, "வள்ளம் வந்துகொண்டே இருக்குது தம்பி" என்றார். ஐந்தாம் முறை தாளைச் செங்குத்தாகத் திருப்பி நீலத்தை மேலிருந்து கீழே வழியவிட்டார். அது ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு வெண்மையை விட்டுச் சென்றது. அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அது என்னவென்று பேரப்பிள்ளை கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, நிறந்தான்" என்றார். அந்தப் படத்தைக் கழுவ அவர் சம்மதிக்கவில்லை.

பருத்தித் தாளாக இருந்திருப்பின் அவர் முதலாவது வள்ளத்துடன் நின்றிருப்பார். அதுவும் நல்ல படமாகவே இருந்திருக்கும். விழா மண்டபத்தில் தொங்கவிட்டிருப்போம், பார்ப்போரும் கண்கலங்கியிருப்பர். ஆயினும் அவர் தேடியது அதையன்று. அகதியின் ஓவியம் அகதிக் கதையையே சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வெளியாரிடம் மாத்திரமன்றி எம்மிடமும் உண்டு. பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் தலைப்புகளே அதற்குச் சான்று. போட்டி நடத்துவோர் அடுத்த முறை தலைப்பே இல்லாத ஒரு பிரிவையும் சேர்த்துப் பார்க்கலாம். நடுவருக்குச் சிரமம் கூடும்; கூடட்டும்.

இனி, கழுவ மனமில்லாத படத்தைக் காப்பது எவ்வாறு? செயற்கைத் தாளில் உள்ள நிறம் எத்தனை நாட்களின் பின்னும் ஈரவிரல் பட்டால் கலையும். சமையலறை ஆவியே போதும் கெடுப்பதற்கு. தெளிக்கும் வகை அக்ரிலிக் வார்னிஷை, சன்னலைத் திறந்துவைத்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை தெளிக்க வேண்டும். தூரிகையால் வார்னிஷ் பூச முற்பட்டால் படமே தூரிகையுடன் வந்துவிடும். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடையில் அட்டை விளிம்பு வைத்தல் நன்று.

வார்னிஷ் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கண்ணாடித் துண்டு, பிளாஸ்ரிக் தகடு ஆகியவற்றுக்கு இதுவே மிகப் பொருத்தம். கண்ணாடியின் ஓரங்களை முதலில் ஒட்டுநாடாவால் மூடிக் கைகளைக் காத்துக்கொள்க. தளத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை மிக மெல்லிதாகத் தடவி உலரவிட்டு, அதன்மேல் வரைந்து, படத்தையும் முற்றாக உலரவிடுக. பின்னர் வழவழப்பான நீர்வர்ணத் தாளொன்றை நீரில் நனைத்து, மேலீரத்தைத் துவாயால் ஒற்றி, படத்தின்மேல் விரித்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, நிறம் ஏறியிருப்பின் மெதுவாக உரித்தெடுக்கலாம். கண்ணாடியில் இருந்தது முழுவதும் வந்துவிடாது. வருவது சற்று மங்கலாக, உடைந்த ஓரங்களுடன் இருக்கும். அது தாளில் ஊறி நின்றுவிட்ட நிறம். இனி ஈரவிரலுக்கு எளிதில் அஞ்சாது. படம் இடம் வலமாக மாறி வரும் என்பதால், பெயரையும் திகதியையும் கண்ணாடியில் எழுதாமல், தாள் உலர்ந்த பின்னர் பென்சிலால் எழுதுக.